மாமாவின் ரத்தமும் மச்சானின் கேள்வியும்

கை நடுங்கி உடல் விறைக்கும் பார்க்கின்சன் நோய் உள்ள ஒருவருக்குப் பின்னாளில் நினைவும் சிந்தனையும் சரியும் டிமென்ஷியா வருமா வராதா என்பதை ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே, அப்பாவுக்கு அதை எங்கே செய்யலாம் என்று அபுதாபியில் இருக்கும் மச்சான், என் மாமாவின் மகன், கேட்டிருந்தார். நான் ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீசியனாக வேலை பார்க்கிறவன். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, தைராய்டு என்று நாள் முழுதும் குழாய்களோடு புழங்குகிறவன் என்பதால், குடும்பத்தில் ரத்தம் தொடர்பாக எந்தச் சந்தேகம் எழுந்தாலும் அது கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். செலவைப் பற்றிக் கவலைப்படாதே, எந்த ஊருக்கு அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்பிவிடு என்று அவர் குரல் பதிவில் சொன்ன விதத்தில், பணம் இருக்கிறது என்ற தெம்பைவிட ஊரில் இல்லையே என்ற பதற்றம்தான் அதிகம் கேட்டது. ‘முடியும்’ என்று பதில் எழுதினால் அது பொய். ‘முடியாது’ என்று எழுதினாலும் முழு உண்மை ஆகாது. இடையில் இருப்பதைச் சொல்ல வாட்ஸ்அப் போதவில்லை.

மாமா, என் அம்மாவின் அண்ணன், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் நாட்டுப்படகு கட்டும் தச்சராக இருந்தவர். இப்போது வயது 71. எட்டு ஆண்டுகளுக்கு முன் வலது கையில் நடுக்கம் கண்டபோதுதான் நோய் தொடங்கியது என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அதற்கும் வெகுமுன்பே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. படகின் பலகை இடுக்குகளை அடைப்பதற்காக எண்ணெயில் குங்கிலியம் காய்ச்சிக்கொண்டிருந்தவர், அது அடிப்பிடித்துத் தீய்ந்து கரும்புகை வந்தபிறகும் மூக்கைச் சுளிக்காமல் கிளறிக்கொண்டே இருந்ததை அவரிடம் வேலை பழகிய பையன் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறான். கருவாடு காயும் வாடை ஊரெல்லாம் வீசும் இடத்தில் ஒருவருக்கு முகர்வு போய்விட்டது என்பதை யார் கவனிப்பார்கள்? இரவில் உறக்கத்திலேயே கத்துவார், கையை ஓங்குவார். அடி வாங்கிச் சலித்து அத்தை தன் பாயைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டார். முகர்வு இழப்பும் கனவில் உடல் அடங்காமல் துள்ளுவதும் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே வரக்கூடிய அறிகுறிகள் என்பதும், பார்க்கின்சன் வந்தவர்களில் இவை கடுமையாக இருந்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் எனக்குப் பின்னால் படித்துத் தெரிந்தவை.

சென்ற ஆண்டு இறுதியில் இன்னொன்று சேர்ந்தது. அந்தி சாயும் நேரத்தில் வாசலைக் காட்டி, “அந்தக் கறுப்பு ஆட்டைப் பத்தி விடு” என்பார். ஆடு ஒன்றும் இருக்காது. அத்தை முதலில் பயந்து மந்திரிக்க ஏற்பாடு செய்தார்; பிறகு, பழகிவிட்டதால், வெறும் வாசலைப் பார்த்துக் கையை வீசி ‘ச்சூ’ என்று விரட்டிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். இதைத் தொலைபேசியில் கேட்ட அன்றுதான் மச்சான் இணையத்தில் தேடத் தொடங்கியிருக்க வேண்டும்.

எந்தக் கணக்கில் சேர்ப்பது

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது புலன்களுக்கும் அறிவுக்கும் பழுது நேர்வதில்லை என்று குறித்தார். அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. ஆனாலும் அந்த ஒரு வரிக்கு ஆயுள் அதிகம். கை நடுங்கினாலும் மூளை தெளிவாக இருக்கும் என்று எங்கள் ஊரில் இன்றும் ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. ஃபிரெடரிக் லூயி 1912-ல் நோயாளிகளின் நரம்பணுக்களுக்குள் புரதத் திரட்சிகளைக் கண்டு விவரித்தார். அந்தத் திரட்சி பெருமளவு ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தால் ஆனது என்பது தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது மூளையின் அடித்தண்டோடு நில்லாமல் மேற்புறணிக்கும் பரவும்போது சிந்தனை தடுமாறுகிறது. சிலருக்கு அதனோடு அல்சைமருக்கே உரிய அமிலாய்டும் டாவ் புரதமும் சேர்ந்து படிகின்றன. அப்படிக் கலந்தவர்களுக்குச் சரிவு விரைவாக இருப்பதும் பிரேதப் பரிசோதனை ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

எத்தனை பேருக்கு வரும் என்று பார்த்தால், மச்சானைக் கலங்கடித்த எண் 83 சதவீதம். அது சிட்னியில் நடந்த நெடுங்கால ஆய்வின் முடிவு, 2008-ல் வெளியானது. ஆனால் அது நோய் கண்டு 20 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்களில் கணக்கிட்டது. அந்த இருபதாண்டில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் புதிதாக நோய் கண்டவர்களைத் தொடர்ந்த ஆய்வில் பத்தாம் ஆண்டில் 46 சதவீதம். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை பல நாடுகளில் நடத்திவரும் ஆய்வின் தரவுப்படி பத்தாண்டில் 9 முதல் 15 சதவீதம்தான். அதே கட்டுரையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து நோயாளிகளிடம் 27 சதவீதம். ஒரே நோய், ஏறத்தாழ ஒரே கால அளவு, எண்கள் மட்டும் ஐந்து மடங்கு வரை வேறுபடுகின்றன. குறைந்த எண் வந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு உளி பிடித்த, நெடுநாள் சர்க்கரை நோயாளியான மாமாவை இவற்றில் எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? ஒரு மனிதருக்கு என்ன நேரும் என்று கேட்கிற இடத்தில் கூட்டத்தின் எண்ணை எடுத்து நீட்டுவது எனக்கு எப்போதும் சங்கடமாகவே இருக்கிறது. ரத்தத்தில் ஒரு குறி கிடைத்தால் இந்தச் சங்கடம் தீரும் என்ற ஆசையில்தான் இத்தனை ஆய்வுகளும் நடக்கின்றன. அந்த ஆசையில் குற்றமில்லை.

குழாய்க்குள் இருப்பது

இன்று அதிகம் பேசப்படுவது நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம். படகுக்கு விலாச்சட்டம்போல, நரம்பணுவின் நீண்ட இழைக்கு உள்ளிருந்து உருக்கொடுப்பது அது. இழை சிதையும்போது மூளையைச் சூழ்ந்த நீரில் கசிகிறது. அதில் மிகச் சிறிதளவு ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. மிகச் சிறிதளவு என்றால், ஒரு மில்லி லிட்டருக்குச் சில பிகோகிராம்கள். நாங்கள் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்கிறோம். பிகோகிராம் என்பது அந்த மில்லிகிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. என் லேபில் இருக்கிற எந்த இயந்திரத்துக்கும் அது எட்டாது. 2010-ஐ ஒட்டி, மூலக்கூறுகளை நுண்ணிய குழிகளில் ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணும் ‘சிமோவா’ முறை வந்தபிறகே இந்தத் துறை ஓடத் தொடங்கியது.

நியூரோஃபிலமென்ட் கூடுதலாக இருந்த பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் நினைவும் நடையும் வேகமாகச் சரிந்தன என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகமெல்லாம் மாமாவின் குழாயைப் பற்றியது. அந்தப் புரதம் வயது ஏற ஏறத் தானாகவே கூடும். சர்க்கரையால் கால் நரம்புகள் கெட்டிருந்தாலும் கூடும், ஏனென்றால் அது மூளைக்கு மட்டுமே உரியதல்ல. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தங்கும். உடல் பருத்தவர்களுக்கு அளவு குறைவாகத் தெரியும். மாமாவுக்கு வயது 71. பாதத்தில் எரிச்சல் இருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், எங்கள் ஊர்ப் பேச்சில் ‘உப்பு’, எல்லையைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. அவருடைய ரத்தத்தை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் ‘அதிகம்’ என்றே வரும் என்று நான் இங்கிருந்தபடியே சொல்லிவிடுவேன். அந்த ‘அதிகம்’ மூளையிலிருந்து வந்ததா, பாதத்திலிருந்து வந்ததா, சிறுநீரகத்தால் தங்கியதா என்று பிரித்துச் சொல்ல அந்த எண்ணால் ஆகாது. இதே புரதம் வேறோரிடத்தில் உண்மையிலேயே பயன்படுகிறது: பார்க்கின்சனைப் போலவே தோற்றம் காட்டி ஏமாற்றும், ஆனால் வேகமாக முற்றும் வேறு சில நோய்களில் அதன் அளவு நன்றாகவே உயர்ந்திருக்கும் என்பதால், ‘இது பார்க்கின்சன்தானா’ என்ற கேள்விக்கு அது உதவுகிறது. மச்சான் கேட்டது அந்தக் கேள்வி இல்லை.

அடுத்தது, டாவ் புரதத்தின் ஒரு வகையான பி-டாவ் 217. அல்சைமர் துறையில் இதற்கு இன்று பெரிய மதிப்பு. ஃபுஜிரேபியோ நிறுவனத்தின் பரிசோதனை ஒன்றை 2025 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்தது. மச்சான் பார்த்த செய்தியின் வேர் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அனுமதி, ஏற்கெனவே நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்களின் மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்று பார்க்க. பார்க்கின்சன் உள்ளவருக்கு வருங்காலத்தில் என்ன நேரும் என்று சொல்ல அல்ல. பார்க்கின்சனில் இது கூடியிருந்தால் அல்சைமர் படிவும் கலந்திருக்கலாம் என்ற குறிப்புக் கிடைக்கும். கலக்காமலே டிமென்ஷியா வருகிறவர்களை இது கண்டுகொள்ளாது. போதாததற்கு, இதன் அளவும் சிறுநீரகம் தளர்ந்தால் ஏறுகிறது.

அப்படியானால் இந்த நோய்க்கே உரிய ஆல்ஃபா-சைனூக்ளினை ரத்தத்தில் அளந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது. ரத்தத்தில் உள்ள சைனூக்ளினில் 99 சதவீதத்துக்கும் மேல் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. குழாயில் நாலு சிவப்பணு உடைந்தாலும் அளவு எகிறிவிடும். மாமாவிடம் ரத்தம் எடுப்பது எப்படி என்று பாருங்கள்: முழங்கையை நீட்டச் சொன்னால் தசை விறைத்து மெல்ல மெல்லத்தான் நீளும், நீட்டிய கை, ஓய்வாக வைத்த மறுநொடி, கட்டைவிரலை விரல்நுனிகளில் உருட்டுவதுபோல் நடுங்கத் தொடங்கும். நான் அவர் உள்ளங்கையை என் முழங்காலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் ஒரு கணம் தணியும் நேரம் பார்த்து ஊசியை ஏற்றுவேன். அப்போதும் நரம்பு நழுவும்; ரத்தம் சொட்டுச் சொட்டாக வரும்; சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். சிவப்பணு உடைந்துவிட்டது என்று அர்த்தம். சாதாரணப் பரிசோதனைக்கே அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுப்போம். மூளைத் தண்டுவட நீரில் சைனூக்ளினைப் பெருக்கிக் காணும் முறை இதைவிட எவ்வளவோ நம்பகமானது. 2023-ல் வெளியான பெரிய ஆய்வில் பார்க்கின்சன் உள்ளவர்களில் ஏறத்தாழ 88 சதவீதத்தினரிடம் அது நோயைக் காட்டியது. ஆனால் அதற்கு முதுகில் ஊசி குத்த வேண்டும். குத்தினாலும், நோய் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, மறதி எப்போது என்று சொல்லாது.

ஒரு குறி கிடைத்துவிட்டது என்ற செய்தி புதிதும் அல்ல. 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழுவினர், பிளாஸ்மாவில் எபிடெர்மல் குரோத் ஃபேக்டர் என்ற புரதம் குறைவாக இருந்த பார்க்கின்சன் நோயாளிகளின் சிந்தனைத் திறன் விரைவாகச் சரிந்தது என்று கண்டார்கள். நல்ல ஆய்வு, கவனமாகச் செய்தது. பதினைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்தப் பரிசோதனைக்கு எழுதித்தரும் மருத்துவச் சீட்டு ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

சரி, எல்லாத் தடையும் நீங்கி நல்ல பரிசோதனையே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாமாவைப் போன்ற 100 பேரில் 30 பேருக்கு ஐந்தாண்டுக்குள் டிமென்ஷியா வரும். வரப்போகிறவர்களில் 80 சதவீதத்தினரையும் வராதவர்களில் 80 சதவீதத்தினரையும் பரிசோதனை சரியாகச் சொல்லிவிடும். இது என் கற்பனைக் கணக்கு; இன்றைய பரிசோதனைகளுக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் போட்டிருக்கிறேன். வரப்போகும் 30 பேரில் 24 பேரைப் பிடிக்கும், 6 பேரை விட்டுவிடும். வராத 70 பேரில் 14 பேரிடம் ‘வரும்’ என்று சொல்லிவிடும். ஆக, ‘வரும்’ என்ற தாளோடு வீடு திரும்பும் 38 பேரில் 14 பேர் வீணாகத் தூக்கத்தைத் தொலைப்பார்கள். மருந்து ஆராய்ச்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இது அருமையான பரிசோதனை. வேகமாகச் சரியக்கூடியவர்களை ஓரளவு பொறுக்கி எடுக்க முடிந்தாலே அவர்கள் குறைந்த பேரை வைத்துக் குறைந்த காலத்தில் மருந்தைச் சோதித்துவிடலாம். வீட்டுத் திண்ணையில் அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு அது வேறு பொருள்.

மதுரையில்

மாமாவை மதுரையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட ராமேசுவரம் பாசஞ்சரில் போனோம். மச்சானின் கேள்வியை நான் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மருத்துவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு முதலில் வேறு வேலை செய்தார். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களை வரைந்து, அதைப்போல வரையச் சொன்னார். மாமா மெதுவாக, சிறிதாக, ஆனால் மூலைகள் சரியாகச் சேரும்படி வரைந்தார். வாழ்நாள் முழுக்க வரைபடம் இல்லாமலே கண்ணளவில் படகு கட்டியவருக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. பிறகு ஒன்றரை நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடியும் என்றார். மாடு, ஆடு, நாய் என்று மூன்றோடு மாமா நின்றுவிட்டார். மருத்துவர் எதுவும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மீனு சொல்லலாமா?” என்றார் மாமா. “சொல்லுங்க.” அவ்வளவுதான். சீலா, பாறை, விளமீன், ஊளி, நகரை, சூடை, திருக்கை, முரல், வாவல், ஓரா, காரல், நெத்திலி என்று, இடையில் மூச்சுக்கு மட்டும் நிறுத்தி, இருபதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். மருத்துவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

இது விளையாட்டில்லை. நான் மேலே சொன்ன கேம்பிரிட்ஜ் ஆய்வில், தொண்ணூறு நொடியில் இருபது பெயர்கூடச் சொல்ல முடியாததும், ஐங்கோணத்தைப் பார்த்து வரைய முடியாததும், வயதும்தான் பின்னால் டிமென்ஷியா வருவதை முன்கூட்டிக் காட்டியவற்றில் முக்கியமானவை. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு கைக்கடிகாரம். சிமோவா இயந்திரத்தின் விலையை யோசித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. என் வேலையே ரத்தத்தில்தான் விடை இருக்கும் என்று நம்புகிற வேலை அல்லவா.

பிறகுதான் மருத்துவர் என் தாளை எடுத்தார். படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியை மாமாவின் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஐயா, வரப்போற காலத்துல உங்களுக்கு ஞாபகம் குறையுமான்னு ரத்தத்துல பாக்க முடியுமான்னு உங்க மகன் கேட்டிருக்காரு. உங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமா?” அந்த அறையில் எனக்குத் திக்கென்றது. இத்தனை வாரமாக மச்சானும் நானும் அத்தையும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம். மாமாவின் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்பதில் மட்டும் மூன்று பேரும் சொல்லாமலே ஒத்துப்போயிருந்தோம். முகத்தில் அசைவு குறைவது இந்த நோயின் இயல்பு என்பதால் மாமா அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “தெரிஞ்சாத் தேவலை சார். வீட்டை இவ பேருக்கு எழுதணும். பயலுகளுக்குள்ள சண்டை வரும். அதுக்கு எத்தனை வருசம் இருக்குன்னு அது சொல்லுமா?”

“வருசம் சொல்லாது ஐயா.”

“அப்ப இந்த மாசமே எழுதிர்றேன்.”

மருத்துவர் தலையசைத்து, அதுதான் சரி என்றார். எனக்கு அந்த இடத்தில் இரண்டு விதமாகத் தோன்றியது. இன்றும் இரண்டும் அப்படியே இருக்கின்றன. பரிசோதனையின் விடையை வைத்து மாமா செய்ய நினைத்த காரியம், விடை எதுவானாலும் இப்போதே செய்து முடிக்க வேண்டிய காரியம் என்பது தெளிவாகிவிட்டது. அதே சமயம், அவர் தெரிந்துகொள்ளத்தான் விரும்பினார். பெரியவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் உடைந்துபோவார்கள் என்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்தது அவருக்காக அல்ல. நல்ல பரிசோதனை ஒன்று நாளை வருமானால் ‘அதனால் என்ன பயன்’ என்று மருத்துவரோ மகனோ தீர்மானித்து மறுப்பது சரியாகாது. பயன் என்ன என்பதை வீட்டை எழுதிவைக்க வேண்டியவர்தான் சொல்ல முடியும். இதை மருத்துவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை; ஆனால் இன்றுள்ள பரிசோதனைக்கு அந்தத் தகுதி வரவில்லை என்றார். அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அதற்குப்பின் நடந்ததுதான் காரியமாக அமைந்தது. மருந்துச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒன்றில் நின்றார். நடுக்கம் குறைய வேண்டும் என்று பக்கத்து ஊரில் எப்போதோ எழுதிக்கொடுத்த டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையை மாமா விடாமல் போட்டுவந்திருக்கிறார். சீட்டு தேய்ந்து கிழிந்த பிறகும் மருந்துக்கடைப் பையன் பழைய அட்டையைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நடுக்கத்துக்கு அது உதவும்தான். ஆனால் அது மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்து. பார்க்கின்சனில் நினைவு சரிவதில் அந்த அசிட்டைல்கோலின் குறைவதற்குப் பெரும்பங்கு உண்டு. டிமென்ஷியா வந்தபிறகு கொடுக்கிற ரிவாஸ்டிக்மின், அமெரிக்காவில் 2006-லிருந்து பார்க்கின்சன் டிமென்ஷியாவுக்கே அனுமதிக்கப்பட்டது, அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்கானது. அதாவது எது குறைந்துவிடக்கூடாது என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோமோ அதை நாளுக்கு மூன்று வேளை நாங்களே குறைத்துக்கொண்டிருந்தோம். முதியவர்களுக்கு அந்த மாத்திரை குழப்பத்தையும் பொய்த் தோற்றங்களையும் உண்டாக்கும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று வாரக்கணக்கில் அளவைக் குறைக்கும்படி எழுதிக்கொடுத்தார். கூடவே வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறையும். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவை நெடுநாள் எடுப்பவர்களிடமும் அந்தக் குறைவு காணப்படுகிறது. மாமா இரண்டையும் எடுப்பவர்.

அந்த ரத்தத்தை என் லேபில் நானே எடுத்தேன், நானே ஓட்டினேன். பி12 எல்லைக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. ஊசி போடத் தொடங்கினோம். மாத்திரை முழுதாக நின்று சில வாரம் ஆனபின் அத்தையிடம் ஆட்டைப் பற்றிக் கேட்டேன். “அது வர்றதில்ல” என்றார், ஏதோ பக்கத்து வீட்டு ஆடு போல. நடுக்கம் முன்பைவிடக் கூடியிருக்கிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். இது நிரந்தரமான மீட்சி என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வயது, முகர்வு, உறக்கம் மூன்றும் எதிராகவே நிற்கின்றன. மருத்துவரும் ஆண்டுக்கு ஒருமுறை அதே ஐங்கோணத்தையும் அதே மீன் பட்டியலையும் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

பத்திரம்

வீட்டை அத்தை பெயருக்கு தானசெட்டில்மென்டாக எழுத ஏற்பாடானது. எழுதிக்கொடுப்பவர் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று வாங்கிச் சேர்த்துவிட்டால் பின்னால் வழக்குக்கு இடமிருக்காது என்று பத்திர எழுத்தர் சொன்னார்; மதுரையில் எழுதிய மதிப்பீட்டுத் தாள் அதற்கு ஆதாரமாக உதவியது. சார்பதிவாளர் முன்னால் மாமாவின் கையெழுத்துத்தான் கொஞ்சம் தகராறு செய்தது. பழைய பத்திரத்தில் கொட்டை எழுத்தில் கோணாமல் இருக்கும் அவர் பெயர், இப்போது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துக்குப் போவதற்குள் எறும்பளவுக்குச் சுருங்கிவிட்டது. இதுவும் நோயின் இயல்புதான் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. கைரேகை ஒத்துப்போனதால் காரியம் நடந்தது. சார்பதிவாளர், யாருக்கு எழுதுகிறீர்கள், எதற்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டபோது, சொத்தின் நான்கு எல்லையையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார் மாமா.

மச்சானிடம் இவை எல்லாவற்றையும் விரிவாகவே சொன்னேன். பி12 பற்றிச் சொன்னபோது சந்தோஷப்பட்டார், பத்திரம் பற்றிச் சொன்னபோது சற்று மௌனமானார், கடைசியில், “அதெல்லாம் சரி, அந்த டெஸ்டை ஒருதடவை எடுத்துப் பாத்துட்டா என்ன?” என்றுதான் முடித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கடல் கடந்து இருக்கிறவருக்கு அப்பாவின் ஐங்கோணமும் மீன் பட்டியலும் கண்ணில் படாது. ஓர் எண்ணை அனுப்பினால் அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். வேலையை விட்டுவிட்டு வருவதா, இன்னும் மூன்று வருடம் இருந்து கடனை அடைப்பதா என்ற அவருடைய கணக்கும் அதற்குள் ஒளிந்திருப்பதைப் பிறகு அவரே சொன்னார். நியாயமான கணக்கு. ஆனால் 38 பேரில் 14 பேருக்குத் தவறாகக்கூடிய ஒரு தாளை நம்பி ஒருவர் வேலையை விடுவதும் தப்பு, விடாமல் இருப்பதும் தப்பு.

இந்தத் துறையில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட், பி-டாவ், மூளையின் துணையணுக்களிலிருந்து வரும் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் ஆகியவற்றைச் சேர்த்து அளந்து, அதோடு வயதையும் நினைவுப் பரிசோதனையின் மதிப்பெண்ணையும் கூட்டிக் கணிக்கும் முயற்சிகள் தனிக் குறிகளைவிட நன்றாக வருகின்றன. அதில் பெரும்பங்கு உழைப்பு ரத்தத்தினுடையதா, பென்சிலினுடையதா என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் தேடிப் பார்க்கிறேன். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்த, எங்கள் கடற்கரைக்காரர்களைப் போன்றவர்களின் ரத்தத்தில் இந்த எண்கள் எங்கே நிற்கும் என்று எழுதியவர்கள் அரிது. மச்சான் ஆனி மாத விடுமுறைக்கு வருகிறார். கேட்க வேண்டியதை அப்பாவிடமே நேரில் கேளுங்கள், அவர் சரி என்றால் நரம்பு பார்த்து ரத்தம் எடுத்துத் தருவது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.